86 ரூபாய் பீட்சாவும் ஒரு பொய்க்கணக்கும்

போன மாதம் எங்கள் வகுப்புக் குழுவில் நான் போட்ட படம் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தோசைக்கல்லில் சுட்ட ஒரு பீட்சா. மேலே அழகுக்கு நாலு துளசி இலை (சாமி மாடத்துத் துளசியைப் பறித்துச் சீஸ் மேல் போட்டதற்குப் பாட்டியிடம் வாங்கியது தனிக்கதை). கீழே ஒரு வரி எழுதியிருந்தேன்: "வீட்டிலேயே மாவு பிசைந்து செய்தது. அடக்கவிலை வெறும் 86 ரூபாய். இனிமேலும் கடையில் வாங்குகிறவன் கணக்குத் தெரியாதவன்."

ஏகப்பட்ட கைதட்டல். "பி.காம் படிப்பு வீண் போகலைடா" என்றுகூட ஒருத்தன் எழுதினான்.

அந்தக் கணக்கு தப்பு. அதுவும் அடக்கவிலையியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் போடக்கூடாத தப்பு. ஊரறியப் போட்ட கணக்கை ஊரறியத் திருத்துவதுதான் முறை என்பதால் இந்தக் கட்டுரை.

முதலில் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். இரண்டு ஒன்பது அங்குல பீட்சாவுக்கு ஆன செலவு இது:

மைதா 250 கிராம் - 15 ரூபாய்
ஈஸ்ட் - 4 ரூபாய்
மொசரெல்லா சீஸ் 150 கிராம் - 105 ரூபாய்
தக்காளி 300 கிராம் - 12 ரூபாய்
வெங்காயம், குடைமிளகாய், பூண்டு - 20 ரூபாய்
எண்ணெய், உப்பு, சர்க்கரை - 8 ரூபாய்
கேஸ் - 8 ரூபாய்

மொத்தம் 172. ஒன்றுக்கு 86. அதே அளவில் இரண்டு பீட்சா கடையில் வரவழைத்தால் டெலிவரி கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு 640 ரூபாய் வருகிறது. ஆக 468 ரூபாய் மிச்சம்! பார்க்க எவ்வளவு ஜோராக இருக்கிறது?

போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாற்றத்தில் சீஸுக்கு 12 சதவீத வரி 5 ஆனது, பீட்சா ரொட்டிக்கு இருந்த 5 சதவீதம் பூஜ்யமானது என்று வேறு குழுவில் உரை நிகழ்த்தினேன். அந்தத் தகவல் சரிதான். என் கணக்குதான் சரியில்லை.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கே ஓட்டை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு "இன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் என் கையால பீட்சா" என்று அறிவித்தேன். சீஸும் குடைமிளகாயும் வீட்டில் இல்லை. நான் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால் அம்மா கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு வெதுவெதுப்பு என்றால் டீ சூடு. ஈஸ்ட் ஒரு உயிர். கை பொறுக்கும் சூட்டில் துள்ளி விளையாடும், அதற்கு மேல் போனால் செத்துப்போகும். முதல் சொம்பில் ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டாவது முறை கரைத்து மைதாவில் ஊற்றினால் தண்ணீர் அதிகமாகி மாவு கூழாகிவிட்டது. பத்து விரலிலும் பசை. போன் அடித்தால் எடுக்க முடியாது, மூக்கு அரித்தால் சொறிய முடியாது. "தள்ளுடா" என்று அம்மா வந்து, கண்ணளவில் மாவு தூவி, கையில் எண்ணெய் தடவி, பதினைந்து நிமிடம் அடித்துப் பிசைந்து உருண்டையாக்கிக் கொடுத்தார்.

நான் தக்காளி சாஸ் வைத்தேன். அம்மா காய் நறுக்கினார். நான் மாவை விரித்தேன். எங்கள் வீட்டில் அவன் கிடையாது, தோசைக்கல்தான். முதல் பீட்சாவின் அடி கருகி, மேலே சீஸ் உருகாமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. தீயைக் குறைத்து மூடி போட வேண்டும் என்று கண்டுபிடித்ததும் அம்மாதான். பிறகு நான் இருபது நிமிடம் படம் எடுத்தேன். ஜன்னல் பக்கம் ஒன்று, குழல்விளக்கடியில் ஒன்று, பாட்டி கையில் கொடுத்து ஒன்று. எல்லோரும் சாப்பிட்டோம். நிஜமாகவே நன்றாக இருந்தது. அப்பா "பரவாயில்லையே" என்றார். அவர் அகராதியில் அது பத்மஸ்ரீ.

நான் குழுவில் கைதட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த மைதா எவ்வளவு பிடிவாதமானது என்று அதைக் கழுவியவர்களுக்குத்தான் தெரியும். மேடை, அடுப்பு, பலகை எங்கும் ஒட்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தோசைக்கல்லை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனதோடு சொன்னேன். பார்த்துக்கொண்டேன். ஒட்டியிருந்த சீஸும் சாஸும் ஊறட்டும் என்று தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் கல் சிவந்திருந்தது. துரு.

அது பாட்டி காலத்து இரும்புக்கல். வருஷக்கணக்காக எண்ணெய் சூட்டில் படிந்து படிந்து கருகருவென்று ஒரு வழவழப்பு ஏறியிருந்த கல். நம் வீடுகளில் "பழகிய கல்" என்போமே, அது. எண்ணெய் மறுபடி மறுபடி சூடாகி இறுகி இரும்பின் மேல் ஒரு தோலாகப் படிவதால் வருவது. தக்காளிப் புளிப்பு அந்தத் தோலை அரிக்கும். ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அன்று காலை ஊற்றிய முதல் தோசை கல்லோடு போயிற்று. இரண்டாவது துண்டு துண்டாக வந்தது. மூன்றாவதை அம்மா ஊற்றவில்லை. உப்புமா கிண்டினார்.

அடுத்த மூன்று நாள் தினமும் அரை மணி நேரம் அம்மா அந்தக் கல்லோடு உட்கார்ந்தார். துருவைத் தேய்த்து எடுத்து, காயவைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தொட்டு உரசி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி அதையே. என்னைத் திட்டவில்லை. மூன்றாம் நாள் நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"எண்பத்தாறு ரூபாய்ன்னு போட்டிருந்தியாமே, அதுல இது எங்கடா வருது?"

எனக்குப் பதில் தெரியும், அதுதான் பிரச்சினை. அடக்கவிலையியலில் முதல் அத்தியாயமே இதுதான். மூலப்பொருள் மட்டும் செலவல்ல. உழைப்பு உண்டு, மேற்செலவு உண்டு, தேய்மானம் உண்டு. சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்தினாலும், வாடகை கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பார்க்காமல் இரண்டு தொழில்களை ஒப்பிடக்கூடாது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பாடம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டது.

எனவே திருத்திய கணக்கு. எங்கள் தெருவில் சமையல் வேலைக்கு வரும் அக்கா வாங்கும் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தால் சுமார் 100 ரூபாய் வருகிறது. அதையே எல்லோருக்கும் போடுகிறேன்.

அம்மா: கடைக்குப் போனது 25 நிமிடம், மாவை மீட்டது 15, காய் நறுக்கியது 15, அடுப்படியில் நின்றது 20, கழுவித் துடைத்தது 40. ஆக 115 நிமிடம். 192 ரூபாய்.

நான்: பிசைந்தது 20 நிமிடம், சாஸ் 15, விரித்தது 15, படம் எடுத்தது 20. ஆக 70 நிமிடம். 117 ரூபாய் (படம் எடுத்ததையும் உழைப்பில் சேர்த்த என் தாராளத்தைக் கவனிக்கவும்).

கல்லை மீட்டது: 90 நிமிடம். 150 ரூபாய். இதுவும் அம்மா.

பொருள் 172, அம்மா 192, நான் 117, கல் 150. மொத்தம் 631. கடையில் 640. மிச்சம் ஒன்பது ரூபாய். எங்கள் கல்லூரி வாசலில் ஒரு டீக்குக்கூடக் காணாது.

கல் விஷயம் விபத்து, அதைச் சேர்க்கக்கூடாது என்று வாதாடலாம். சரி, எடுத்துவிடுங்கள். அப்போதும் மிச்சம் 159தான், 468 இல்லை. மீதி 309 ரூபாய் எங்கிருந்து வந்தது? அதில் 117 என்னுடையது, நான் விரும்பிச் செய்தது. 192 ரூபாய் அம்மாவின் கையிலிருந்து வந்தது, அவரைக் கேட்காமல். நான் சிக்கனம் என்று பெருமையடித்துக்கொண்டதில் பெரும்பகுதி, இன்னொருவர் உழைப்புக்குப் பூஜ்யம் போட்டதால் கிடைத்த லாபம். ஒரு கம்பெனி இதைச் செய்தால் நாம் அதற்கு வேறு பெயர் வைப்போம்.

இது என் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. பொருளாதாரத்தில் பழைய சங்கதி. ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்பே இந்த வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார். சம்பளத்துக்குச் சமைத்த பெண்ணையே ஒருவன் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுகிறது. வேலை அதேதான், சமையல் அதேதான். சம்பளம் நின்றதும் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது.

நம் நாட்டு எண்கள் வேண்டுமா? மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடம். 2019 ஆய்வில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படப் போனால், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஆய்வாளர் வந்து கேட்டிருந்தால் நான் அந்த 88-ஐ இன்னும் கீழே இழுத்துவிட்டிருப்பேன்.

நீதிமன்றம்கூட இதைப் பார்த்துவிட்டது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தை வாங்க உதவிய பங்களிப்புதான், அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதிக்குத் தெரிந்த பற்று வரவு பி.காம் மாணவனுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். என் நண்பன் ஒருவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். "அம்மா பாசத்துல செய்யறதுக்கு மணிக்கு நூறு ரூபாய்னு விலை போடுவியா? அசிங்கமா இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். நான் அம்மாவுக்குக் கூலி கொடுக்கப்போவதில்லை, கொடுத்தால் வாங்கவும் மாட்டார். ஆனால் "86 ரூபாய்" என்று எழுதியபோதே நான் அதற்கு ஒரு விலை போட்டுவிட்டேன். பூஜ்யம் என்பதும் ஒரு விலைதான், இருப்பதிலேயே கேவலமான விலை. பாசத்துக்கு விலை கிடையாது என்று நினைக்கிறவன், "கடையைவிட மலிவு" என்று மார்தட்டவும் கூடாது. இரண்டில் ஒன்றுதான் சொல்லலாம்.

அம்மாவிடமும் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். "மணிக்கு நூறா? அந்த அக்காவே அடுத்த மாசம் ஏத்திக் கேக்கப்போறா" என்றார். அவ்வளவுதான். பிறகு, "கேஸுக்கு எட்டு ரூபாய் கம்மி, ரெண்டு மணி நேரம் அடுப்பு எரிஞ்சுது" என்று என் கணக்கில் இன்னொரு தப்பையும் கண்டுபிடித்தார். ஆக அந்த ஒன்பது ரூபாயும் போச்சு.

அப்படியென்றால் வீட்டில் பீட்சாவே செய்யக்கூடாதா? அங்கேதான் என் கருத்து கொஞ்சம் வேறு. செய்யலாம், செய்ய வேண்டும். மலிவு என்ற பொய்க்காரணத்துக்காகச் செய்ய வேண்டாம்.

"கடை மாதிரியே" என்ற காரணத்துக்காகவும் வேண்டாம். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து பீட்சா விறகு அடுப்பில், சுமார் 430 முதல் 480 டிகிரி சூட்டில், 60 முதல் 90 வினாடிக்குள் வெந்து வருவது. அந்தக் கைத்தொழிலை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் கேஸ் அடுப்புக்கும் தோசைக்கல்லுக்கும் அது எட்டாக்கனி. இன்னொன்று தெரியுமா? அந்த ஊரிலேயே பீட்சா வளர்ந்தது தெருவில். சமைக்க வசதியான அடுப்படி இல்லாத ஏழை ஜனங்கள் வாங்கிச் சாப்பிட்ட பண்டம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கையில் காசில்லாத காலத்தில், இன்று சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் கடன் பீட்சாகூட அங்கே விற்றார்கள். வீட்டு வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரித்து விற்ற பெண்களுக்கு அது வருமானம். உழைப்புக்குக் காசு உண்டு, தவணையில் வந்தாலும்! நாம்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து உழைப்பை இலவசமாக்கிவிட்டோம்.

பிறகு எதற்குத்தான் செய்வது? மாவு உப்புவதைப் பார்ப்பதற்கு. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், ஏன் என்று கேட்டதில்லை. ஈஸ்ட் மாவின் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, மைதாவின் பசைத்தன்மை அதைப் பலூன் மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது. சொந்தக் கையால் ஒருமுறை செய்தால் இது புரியும். கடையில் விற்கும் தயார் ரொட்டிக்கு வரி பூஜ்யமாக இருக்கலாம், ருசியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: யார் பெயரில் பீட்சாவோ, அவர் பெயரிலேயே பாத்திரமும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்தேன். இந்த முறை முறையை மாற்றினேன். 2006-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜிம் லாஹே என்பவரின் பிசையாத ரொட்டி முறை ஒரு பத்திரிகை வழியாக உலகமெல்லாம் பரவியது. தண்ணீர் சற்று அதிகம், ஈஸ்ட் துளியளவு, நிறைய நேரம். கை செய்கிற வேலையைக் காத்திருப்பு செய்துவிடும். அதன்படி 250 கிராம் மைதா, 175 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூனுக்கும் குறைவான ஈஸ்ட். சனிக்கிழமை ராத்திரி கரண்டியால் கலந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன் (நம் திருச்சி வெயிலில் ராத்திரி முழுக்க வெளியே விட்டால் மாவு புளித்துப் பொங்கி வழியும்). ஞாயிறு சாயங்காலம் எடுத்து, கையில் எண்ணெய் தொட்டு விரித்து, மிதமான தீயில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம். குமிழி வந்ததும் திருப்பி, வெந்த பக்கத்தில் சாஸ், சீஸ், காய். தீயைக் குறைத்து மூடி, ஐந்தாறு நிமிடம். தோசைக்கல்லைத் தொடவில்லை. சப்பாத்திக்கு வைத்திருக்கும் ஒட்டாத தவாதான். கடைக்குப் போனது, நறுக்கியது, கழுவியது, மேடை துடைத்தது எல்லாம் நானே. மொத்தம் இரண்டு மணி நேரம்.

அம்மா அன்று கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார். நடுவில் இரண்டு முறை எழுந்து வரப்பார்த்தார், உட்காரச் சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோது "கருகுற வாசனை வருதேடா" என்றார். வந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார். சூடாக முதல் துண்டை அவருக்குக் கொடுத்தேன். போன தடவை அவர் எந்தத் துண்டைச் சாப்பிட்டார், சாப்பிட்டாரா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கு வரவில்லை. அத்தனை படம் எடுத்திருக்கிறேன், ஒன்றில்கூட அவர் கையில் தட்டு இல்லை.

இந்த முறை அடக்கவிலை? பொருள் 180, என் உழைப்பு 200. இரண்டு பீட்சா 380 ரூபாய், ஒன்று 190. எண்பத்தாறைவிட இரண்டு மடங்குக்கு மேல். குழுவில் போட்டிருந்தால் பாதி கைதட்டல்கூட வந்திருக்காது. ஆனால் தணிக்கைக்கு யார் வந்தாலும் காட்டலாம்.

இதைப் படிக்கிற பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். "எங்க வீட்ல செஞ்சா இவ்ளோதான்" என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், பிரியாணியோ பீட்சாவோ எதுவானாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கழுவினது யார்? அதற்கு உடனே பதில் சொல்லத் தெரியாதவன் போட்ட கணக்கை நம்பாதீர்கள். அதில் ஒருவன் நானாக இருந்தேன்.

டிஸ்கி: தோசைக்கல் இப்போது நலம். நேற்று முறுகலாக இரண்டு தோசை தந்தது. ஆனால் நான் அடுப்படிப் பக்கம் போனாலே பாட்டி அதை எடுத்துப் பரணில் வைத்துவிடுகிறார்.